கரம்பை மேல் ஒரு மீன்தொட்டி

செடி வைத்த மீன்தொட்டிக்காரர்கள் என்னிடம் பேசினால், எதில் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் "பாசிக்கு என்ன மருந்து ஊத்துறது?" என்பதில் வந்து நிற்கும். தேவகோட்டையில் இருக்கும் சித்தப்பா மகனும் போன வாரம் போனில் இதையே கேட்டான். நான் அவனிடம் திருப்பிக் கேட்டது மூன்று கேள்வி. அடியில் என்ன மண்? எந்தத் தண்ணீர்? லைட் எத்தனை மணி நேரம் எரிகிறது? மருந்தின் பெயரை எதிர்பார்த்தவனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் காரைக்குடிப் பக்கம் செடித்தொட்டி வைப்பவர்களுக்கு இந்த மூன்றையும் விட்டால் வேறு வழி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். நாம் படிக்கிற, பார்க்கிற செய்முறைகள் எல்லாம் குளிர்ந்த அறைக்கும் மென்மையான தண்ணீருக்கும் எழுதப்பட்டவை. நம் ஊர்த் தண்ணீரும் வெயிலும் வேறு. அதனால் தொட்டியின் அடிமண்ணும் வேறாக இருக்க வேண்டும்.

இன்று கடைகளில் அதிகம் விற்கும் அடிமண் அக்வாசாயில். ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015) செடித்தொட்டியை ஒரு கலையாகவே மாற்றியவர். அவர் 1982ல் தொடங்கிய நிறுவனத்தின் வழியாகத்தான் இந்த வகை மண் உலகம் முழுக்கப் பரவியது. மண்ணை உருண்டையாக்கிச் சுட்டு வைத்திருப்பார்கள். அதில் சத்து உண்டு. அதைவிட முக்கியம், தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டை இழுத்துக்கொண்டு பிஎச்சைக் கீழே இறக்கும் குணம். ஜப்பானில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, அதனால் அங்கே இந்தக் குணம் நெடுநாள் நிற்கும். எங்கள் தெரு போர் தண்ணீரில் கேஎச், அதாவது கார்பனேட் கடினம், 12க்கு மேல் காட்டுகிறது. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அந்த மண்ணின் இழுக்கும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டே வரும். சில மாதங்களில் அது வெறும் உருண்டை. பிஎச் மேலே ஏறிவிடும், மென்னீருக்குப் பழகிய செடிகள் இலை சுருங்கும், வளர்ச்சி நிற்கும், அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து பார்சலில் வரவழைத்து, ஆயிரக்கணக்கில் செலவழித்த ஒருவருக்கு இது நடக்கும்போது பார்க்கவே மனசு கஷ்டப்படுகிறது. அந்த மண் நல்ல மண்தான், நம் தண்ணீரோடுதான் அதற்கு ஒத்துவராது.

நம் காலுக்குக் கீழேயே இதற்கு வேறு ஒரு பதில் இருக்கிறது. ஊருணிப் படிக்கட்டிலும் பழைய கோட்டைச் சுவரிலும் நாம் பார்க்கிற செம்புராங்கல், அதாவது லேட்டரைட். 1980களில் ஜெர்மனியின் செடித்தொட்டிக்காரர்கள் தேடித் தேடிப் போட்டது இதைத்தான். காஸ்பர் ஹோர்ஸ்ட், ஹோர்ஸ்ட் கிப்பர் என்ற இருவர், வெப்பமண்டல ஓடைகளில் செடிகள் எப்படி வளர்கின்றன என்று நேரில் போய் அளந்து பார்த்துவிட்டு, சரளைக்கு அடியில் லேட்டரைட் பொடியைக் கலந்து போடும் முறையைப் பரப்பினார்கள். பொட்டலம் கட்டி அங்கே காசுக்கு விற்ற சரக்கு, நம் ஊரில் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது.

அந்தச் சிவப்பு இரும்பின் சிவப்பு. காற்றுள்ள இடத்தில் இரும்பு துருவாகக் கிடக்கும், செடியின் வேரால் அதை எடுக்க முடியாது. மண்ணுக்கு மேல் மணலைப் போட்டு மூடினால் உள்ளே ஆக்சிஜன் குறையும். அப்போது அதே இரும்பு கரையக்கூடிய வடிவத்துக்கு மாறும், வேர் உறிஞ்சிக்கொள்ளும். பாசித் தொல்லை உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வேலையையும் இரும்பு செய்கிறது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வருகிற பாஸ்பேட்டை இரும்பு பிடித்து மண்ணிலேயே கட்டிப்போடும். வேருக்கு அது எட்டும். தண்ணீரில் மிதக்கும் பாசிக்கு அவ்வளவாக எட்டாது.

அதற்காக இந்தச் செம்புராங்கல் செம்மண் மட்டும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் இரும்பைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. இலைமக்கு கிடையாது. அதிலிருக்கும் களி கயோலினைட் வகை, அமோனியம், பொட்டாசியம் போன்றவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் அதற்குக் குறைவு. செம்மண் காட்டில் விளைச்சல் வேண்டுமென்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கண்மாயிலிருந்து கரம்பை அடிப்பார்கள். தொட்டிக்கும் அதேதான்.

கரம்பை என்பது மழைக்காலத்தில் ஓடிவந்த வண்டல் கண்மாய்க்குள் படிந்து, மக்கி, களியோடு சேர்ந்த மண். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறையும். பங்குனி, சித்திரையில் வற்றி, தரை பாளம் பாளமாக வெடிக்கும். செடித்தொட்டி உலகத்தில் மண்ணை நனைத்துக் காயவைத்து, நனைத்துக் காயவைத்துப் பக்குவப்படுத்தும் முறை ஒன்று உண்டு. காயும்போது காற்று உள்ளே போய், மக்காத பொருள்கள் மக்கி, அமோனியா நைட்ரேட்டாக மாறிவிடும். பச்சை மண்ணை அப்படியே தொட்டியில் போட்டால் முதல் வாரங்களில் அமோனியா பொங்கி மீனைக் கொல்லும், பாசியையும் எழுப்பிவிடும். பக்குவப்பட்ட மண்ணில் அந்தப் பிரச்சினை வெகுவாகக் குறையும். நம் கண்மாய்கள் இந்த வேலையை வருஷா வருஷம் தாங்களே செய்கின்றன. இதை முதன்முதலில் யோசித்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் வாங்கியது, அனுமதி வாங்கி வயலுக்குக் கரம்பை அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம். ஒரு சாக்கு மண் வேண்டும் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு தம்பி, மாடித் தோட்டமா?"

"இல்லைங்கய்யா, மீன்தொட்டிக்கு."

"அப்ப கரையோரம் அள்ளாதீக. அங்கன மணல் கெடக்கும். மடைக்கிட்டயும் வேணாம், வயத்தண்ணி திரும்பி நிக்கிற எடம், மருந்தடிச்ச தண்ணி. நடுவுல வெடிச்சுக் கெடக்கு பாருங்க, அந்தப் பாளத்தைப் பேத்து எடுங்க. அடியில ஈரமாக் கருப்பா இருந்தா விட்டுருங்க."

எந்தச் செடித்தொட்டி நிபுணரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. வயலிலிருந்து பூச்சிமருந்து வடிந்து நிற்கும் மண் இறாலுக்கும் நத்தைக்கும் எமன். அடியில் கருப்பாக, அழுகின முட்டை வாடையோடு இருக்கும் சேறு, காற்றே படாத இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்த சேறு. மேலே வெடித்துக் காய்ந்த பாளத்தை நுணுக்கினால் உளுந்து உடைத்த மாதிரி சின்னக் கட்டிகளாக உதிரும், மழை பெய்த மண்வாசனை மட்டும்தான் வரும். அதுதான் எடுக்க வேண்டிய மண்.

என் கணக்கு இது. கரம்பை மூன்று பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு. கட்டி உடைத்து, வேர், ஓடு, நத்தைக்கூடு பொறுக்கிவிட்டு, கொல்லையில் சாக்கு விரித்து இன்னும் சில முறை நனைத்துக் காய விடுவேன். தொட்டியில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் போடுவதில்லை. ஆசையில் கனமாகப் போட்டால் உள்ளே அழுகும். அதற்கு மேல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் மணல் மூடி. மணல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பருமன் இருக்க வேண்டும். மாவு மாதிரி பொடி மணல் இறுகிப்போய் மூச்சை அடைக்கும், பெரிய சரளையாக இருந்தால் இடுக்கு வழியாக மண் மேலே வந்து தண்ணீர் கலங்கும்.

மணல் விஷயத்தில் செட்டிநாட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பழைய வீடு இடித்த இடத்திலோ, பூச்சு வேலை நடந்த வீட்டு வாசலிலோ கிடக்கும் மணலைத் தொடவே வேண்டாம். நம் வீட்டுச் சுவர்களின் பளபளப்பு முழுக்கச் சுண்ணாம்பு. அந்தக் காரைத் துணுக்கு கொஞ்சம் கலந்திருந்தாலும் தொட்டித் தண்ணீரின் கடினம் ஏறிக்கொண்டே இருக்கும், நீங்கள் காரணம் தெரியாமல் தவிப்பீர்கள். காய்ந்த மணலில் ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்போ சிப்பியோ இருக்கிறது, அந்த மணல் ஆகாது. எம் சாண்ட் பயன்படுத்தலாம், கருங்கல் உடைத்ததுதானே. ஆனால் தூசி போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். முனை கூராக இருப்பதால் அடித்தரையில் மேயும் கோரிடோராஸ் போன்ற மீன்களுக்குப் பொருந்தாது.

தண்ணீர் விட்ட முதல் வாரங்களில் மணலைக் கிழித்துக்கொண்டு குமிழி வரும். பயப்பட வேண்டாம், மண் மக்கும்போது வரும் வாயுதான் பெரும்பாலும். அதில் கார்பன் டை ஆக்சைடும் இருக்கிறது, செடிக்கு அது இலவச உணவு. ஒரு மெல்லிய குச்சியால் அங்கங்கே குத்திவிட்டால் போதும். வேர் பிடித்த பிறகு செடிகளே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒருமுறை வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியின் ஓடுகொடி ஒன்றை இடம் மாற்றப் பிடுங்கினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் நுனியை மட்டும் விட்டுவிட்டு மீதியெல்லாம் செம்பழுப்பாகத் துரு பூசியிருந்தன. விரலால் தேய்த்தால் பூச்சு கொஞ்சம் வந்தது. நாற்றுப் பிடுங்கியவர்களுக்கு இந்த நிறம் தெரிந்திருக்கும். இலையிலிருந்து கீழே இறங்கும் ஆக்சிஜனை வேர் மண்ணுக்குள் கசிய விடுகிறது, அது பட்ட இடத்தில் கரைந்திருந்த இரும்பு மறுபடி துருவாகி வேர்மேல் படிகிறது. அந்தத் துருப் பூச்சைப் பார்த்தால் அடிமண் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வேர் கருத்து, கெட்ட வாடை வந்தால் மண் மூச்சுத் திணறுகிறது. தொட்டிக்குள் ஊதி நத்தைகள் சில இருந்தால் மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். அவற்றை வெறுப்பவர்கள் உண்டு. நான் அவற்றைக் காசு கொடுத்தே வாங்குவேன்.

இனி தண்ணீர். போர் தண்ணீரின் கேஎச் கூடுதலாக இருப்பதைச் சாபமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேஎச் என்பது பைகார்பனேட். வேலம்பாசி (ஹைட்ரில்லா; பெயரில்தான் பாசி, உண்மையில் செடி), வாலிஸ்னேரியா இரண்டும் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்ததும் பைகார்பனேட்டை உடைத்து அதிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும். வேலை நடந்ததற்கு அடையாளமாக இலைமேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். ரோட்டாலா, கபோம்பா போன்றவற்றுக்கு அந்த வித்தை தெரியாது. போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் கபோம்பா வாங்கி நட்டுவிட்டு, அது கரைந்து போவதைப் பார்த்து வருந்துவதில் நியாயமில்லை.

மென்னீர்ச் செடிதான் வேண்டும் என்றால் மழைத்தண்ணீர் பிடியுங்கள். நம் வீடுகளைப் போல இதற்கு வசதியான வீடு எங்கே இருக்கிறது? நான்கு பக்கத்துச் சரிவும் முற்றத்தை நோக்கி, பீலி வழியாகத் தண்ணீர் மூலைக்கு வந்து விழும். முதல் மழையை விட்டுவிடுங்கள், ஓட்டுத் தூசியும் புறா எச்சமும் அதோடு போகட்டும். இரண்டாவது மழையிலிருந்து பிடித்து, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் கேஎச்சும் பாதியாகும். பிடிக்கும் பாத்திரத்தில்தான் கவனம் வேண்டும். பரம்பரைப் பித்தளை அண்டா கம்பீரமாக மூலையில் நிற்கும், கை அதற்குத்தான் போகும். மழைத்தண்ணீர் லேசான அமிலத்தன்மை உள்ளது, உள்பூச்சு ஈயம் தேய்ந்துபோன அண்டாவில் நாள்கணக்கில் நின்றால் செம்பு கரைந்து இறங்கும். மீன் தாங்கினாலும் இறாலும் நத்தையும் தாங்காது. பிளாஸ்டிக் டிரம்மோ மண் தொட்டியோ போதும்.

பாசிக்கு வருகிறேன். ஆழமில்லாத நீர்நிலைகளுக்கு இரண்டு நிலையான நிலைகள் உண்டு என்று மார்ட்டன் ஷெஃபரும் உடன் ஆய்வாளர்களும் 1993ல் எழுதினார்கள். ஒன்று, செடி நிறைந்து தண்ணீர் தெளிந்திருப்பது. மற்றது, பாசி மிதந்து தண்ணீர் கலங்கியிருப்பது. இரண்டுமே தன்னைத் தானே தக்கவைத்துக்கொள்ளும். செடி நிறைந்தால் சத்தைச் செடி எடுக்கும், தண்ணீர் தெளியும், வெளிச்சம் அடிவரை இறங்கும், செடி இன்னும் வளரும். பாசி மிஞ்சினால் வெளிச்சத்தை மறைத்துச் செடியைச் சாகடிக்கும், செத்த செடி பாசிக்கு உரமாகும். கொட்டியும் ஆம்பலும் படர்ந்த ஊருணியையும், சோப்பும் சாக்கடையும் கலந்து பச்சைச் சாந்தாகிப் போன ஊருணியையும் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே பார்க்கலாம். பாட்டில் மருந்து ஊற்றிப் பாசியைக் கொன்றாலும் செடி கூட்டம் இல்லாத தொட்டி மறுபடி அந்தப் பக்கமே சாயும். முதல் நாளே தரையில் முக்கால் பங்கு மறையும் அளவுக்கு, வேகமாக வளரும் செடிகளை நட்டுவிட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். வேலம்பாசி, அம்புலியா, நீர்ப்பிரமி, மேலே கொஞ்சம் மிதக்கும் செடி. அழகான, மெதுவாக வளரும் கிரிப்டோகொரைன் பிறகு வரட்டும்.

அடுத்தது வெளிச்சம். முற்றத்து நேர்வெயில் தொட்டிமேல் ஒரு மணி நேரம் விழுந்தாலே பச்சைத் தண்ணீர் வந்துவிடும். எங்கள் தொட்டி ரெண்டாங்கட்டின் உள்சுவரை ஒட்டி நிற்கிறது. (ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் மூன்றடித் தொட்டி வைப்பவர்கள் ஸ்டாண்டு காலுக்கு அடியில் பலகை கொடுங்கள். மண், தண்ணீர், கண்ணாடி எல்லாம் சேர்ந்து இருநூறு கிலோவுக்கு மேல் நிற்கும்.) எல்இடி லைட்டை டைமரில் போட்டு ஐந்து மணி நேரம் எரியவிட்டு, நான்கு மணி நேரம் அணைத்து, மறுபடி மூன்று நான்கு மணி நேரம் எரிய விடுகிறேன். மண் போட்ட தொட்டிகளுக்கு இந்த மதிய ஓய்வைப் பரிந்துரைத்தவர், அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதிய அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான். மண்ணிலிருந்து வருவது அதைப் பல மடங்காக்கும், ஆனால் காலை வெளிச்சத்தில் செடிகள் அதைக் காலி செய்துவிடும். ஓய்வு நேரத்தில் மறுபடி சேரும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்து 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) வரை ஏற்றுபவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் அந்த அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இலை ஓரத்தில் கருப்புத் தாடி மாதிரி பிடிக்கும் பாசி, ஏறி இறங்கும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்ந்த அழுக்கையும் கண்டால் செழிக்கும். அது உண்மையில் செம்பாசி இனம். ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டுச் சாகும்போது கருப்பு போய் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

பாசி வரும் என்று பயந்து செடிக்கு உரமே போடாமல் பட்டினி போடுபவர்களைப் பார்க்கிறேன். பட்டினியில் முதலில் சாவது செடி. பாசிக்குத் தேவை மிகச் சொற்பம், அது பிழைத்துக்கொள்ளும். கண்ணாடியிலும் பழைய இலையிலும் பச்சைப் புள்ளி புள்ளியாக இறுகப் பிடிக்கும் பாசி, பெரும்பாலும் பாஸ்பேட் போதாத தொட்டியில்தான் வருகிறது. சின்னப் பாட்டிலில் விற்கும் உரத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டாம். உரக்கடையில் 13:0:45 என்று கேளுங்கள், அது பொட்டாசியம் நைட்ரேட். 100 லிட்டர் தண்ணீருக்கு 1.6 கிராம் கரைத்தால் நைட்ரேட் 10 பிபிஎம் கூடும். 0:52:34 என்றால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், 100 லிட்டருக்கு 0.14 கிராம் போட்டால் பாஸ்பேட் 1 பிபிஎம். மண் புதிதாக இருக்கும் முதல் மாதங்களில் இதெல்லாம் வேண்டியதில்லை, பிறகு செடியைப் பார்த்துப் போட்டால் போதும். யூரியா, டிஏபி பக்கம் மட்டும் போகாதீர்கள், அமோனியா ஏறி மீன் செத்துப்போகும்.

நம் ஊரில் எல்லாக் கணக்கையும் கோடை சோதிக்கும். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் ஆக்சிஜன் பிடிக்கும், 32 டிகிரியில் அது 7.3க்கு இறங்கிவிடும். மீனுக்கும் மண்ணில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் தேவையோ கூடும். கிரிப்டோகொரைன் இலைகள் கரையும், ஆனால் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை திரும்பத் துளிர்க்கும், பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் மட்டத்தின் மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் வைகாசிக்குள் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, எங்கேயோ போய் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மூடி வைத்த மழைத்தண்ணீர் உதவுவது அப்போதுதான். அது இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர். லைட்டையும் கோடையில் ஒரு மணி நேரம் குறைத்துவிடுவேன்.

சித்தப்பா மகனிடம் இவ்வளவும் போனில் சொல்ல முடியவில்லை. லைட்டைப் பாதியாகக் குறை, கண்ணாடியைத் தேய்த்துவிட்டுப் பாதித் தண்ணீர் மாற்று, வேலம்பாசி ஒரு கூடை கொண்டுவந்து நிறைத்துவிடு, தீனியை ஒரு வேளையாக்கு என்று மட்டும் சொன்னேன். தொட்டியைக் கலைத்து அடிமண் மாற்றுவதை இப்போது தொட வேண்டாம். கண்மாய் வற்றட்டும். சித்திரையில் கரம்பை எடுத்துக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால், ஐப்பசியில் முற்றத்து மழைத்தண்ணீரோடு புதிதாக நட்டுவிடலாம். சாக்கு நான் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறேன்.